அண்ணி எண்ணிய ஆட்டங்கள்

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த அன்றைக்கே வீட்டைப் பிடித்து ஆட்டினாள்.

பொய்யில்லை. தோணிரேவுக் கிராமத்திலிருந்து படகில் வந்து இறங்கி, விளக்கேற்றி, பாலும் பழமும் சாப்பிட்டு, பந்தியும் முடிந்து உறவுக்காரர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிய புதுப்பெண், நிமிர்ந்து கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலையை மாட்டிவைக்கிற கயிறு ஒன்று அதிலிருந்து தொங்கியது. எழுந்து போய் அந்தக் கயிற்றைப் பிடித்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு ஓர் இழுப்பு இழுத்து விட்டாள். ஓலைத் தூசி பொலபொலவென்று என் அம்மாவின் தலையில் கொட்டியது. புதுப்பெண்ணோ உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா பண்றே?" என்று கேட்டாள் அம்மா.

"ஒண்ணுமில்ல அத்தே. மரம் நல்லாத்தான் இருக்குது. வடக்குப் பக்கம் செவுத்துல சரியா உக்காரல."

அந்த உத்தரத்தை ஏற்றியவன் நான். வடக்குப் பக்கம் அது உட்காரவில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஓட்டுச் சில்லு ஒன்றைச் செருகி, மேலே மண்ணைப் பூசி மறைத்திருந்தேன். அண்ணிக்கும் எனக்கும் இருந்த உறவு இப்படித்தான் ஆரம்பித்தது.

கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. பழவேற்காட்டிலிருந்து கடல் தாண்டி பர்மாவின் பெகுவுக்குத் துணி போகும். பெகுவிலிருந்து தேக்கு வரும். எங்கள் குப்பம் ஏரிக்கரையில் இருந்தது. கடைவீதிக்குப் போக வேண்டுமென்றால் நடுவில் ஓர் ஓடையைத் தாண்டவேண்டும். அண்ணன் வலை பிடித்தான். எனக்குத் தண்ணீர் ஆகாது, உளி பிடித்தேன். படகானாலும் வீடானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். கையில் வேலை இருந்தது. வாயில் அதைவிட அதிகம் இருந்தது.

அண்ணி குள்ளம். ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறாலும் நண்டும் பிடிக்கிற குடும்பத்துப் பெண். ஆள்காட்டி விரலின் நுனி இல்லை, நண்டு கொண்டுபோய்விட்டது. முந்தானை முடிச்சில் மற்றப் பெண்கள் சில்லறையோ பாக்கோ வைத்திருப்பார்கள். இவள் ஒரு முழ நூலில் கட்டிய ஈயக்குண்டு வைத்திருந்தாள். வலையின் அடியில் கட்டுகிற சாதாரண ஈயக்குண்டுதான்.

அவளுடைய நைனா காவுதடியில் மீன் சுமந்தவர். தோளில் ஒரு தடி, அதன் இரண்டு முனையிலும் கூடை. தடியின் ஆட்டம் நடையோடு ஒத்துப்போனால் சுமை தெரியாது; ஒத்துப்போகாவிட்டால் பொன்னேரி போய்ச் சேருவதற்குள் தோள் உரிந்துவிடும். யாருடைய நடைக்கு எந்தத் தடி என்று பார்த்துக் கொடுக்கிற வேலை எப்படியோ இவளிடம் வந்து சேர்ந்திருந்தது. தடியின் ஒரு முனையைத் தூணோடு இறுக்கிக் கட்டுவாள். மறுமுனையில் எப்போதும் அதே அம்மிக்குழவியைத் தொங்கவிடுவாள். அழுத்தி விட்டால் தடி மேலும் கீழுமாக ஆடும். இன்னொரு கையில் நூலில் ஈயக்குண்டும் ஆடும். குண்டு பத்துத் தடவை போய்வருவதற்குள் தடி எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுவாள். விறைப்பான தடி வேகமாக ஆடும், தொளதொளத்த தடி மெதுவாக ஆடும். வந்த எண்தான் அந்தத் தடிக்குப் பெயர். "பதினாறை எடுத்துக்கினு போ. ஒனக்குப் பத்தொம்பது ஆகாது" என்று ஆட்களை அனுப்புவாள்.

எனக்கு இது பெரிய வேடிக்கை. தச்சன் நான் இருக்கும்போது மரத்தைப் பற்றி இவள் என்ன சொல்வது? ஒருநாள் வம்புக்கு இழுத்தேன். "பத்து ஆடுற கழியைவிட இருவது ஆடுற கழி ரெண்டு மடங்கு வலு. அவ்ளோதானே அண்ணி? இதுக்கு இன்னா இம்மாம் ஆர்ப்பாட்டம்?"

"எண்ணுனியா?" என்றாள்.

அதுதான் அவளுடைய வார்த்தை. இறால் இந்த வருஷம் குறைச்சல் என்று யாராவது சொன்னால், "எண்ணுனியா?" ஊரே சொல்லுது என்று அண்ணன் சொன்னால், "ஊரு எண்ணுச்சா?" அம்மா கோபத்தில் ஆயிரம் தடவை சொன்னேனே என்று கத்தினால், அதற்கும் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு அதே கேள்வி. அம்மா அவளை அடிக்கத் துரத்தியதை நானே பார்த்திருக்கிறேன். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் ஓடினார்கள்.

அன்றைக்கு அண்ணி ஒரே மூங்கிலைச் சீராகப் பிளந்து நாலு சிம்பு எடுத்தாள். ஒரு சிம்பில் குழவியைத் தொங்கவிட்டாள். பத்து. இரண்டு சிம்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டினாள். நான் இருபது வரும் என்றேன். பதினாலுதான் வந்தது. நாலையும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் இருபது வந்தது.

"பாத்தியா? ஆட்டம் ரெண்டு மடங்கு ஆவணும்னா வலு நாலு மடங்கு ஆவணும். அதே மாதிரி எண்ணிக்கை கொஞ்சம் எறங்குனாலே வலு நெறைய போயிருச்சுன்னு அர்த்தம்."

சிம்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஏமாற்று ஏதும் இல்லை.

காவுதடியில் ஆரம்பித்த பேர் கடைவீதிவரை போயிற்று. பெகு மரம் இறக்குகிற மரைக்காயர் ஒருவர், பாய்மரத்துக்கும் உத்தரத்துக்கும் மரம் பிரிக்க அவளைக் கூப்பிட்டனுப்ப ஆரம்பித்தார். மரத்தின் இரண்டு முனைகளையும் கட்டையில் வைத்து, நடுவில் சிப்பி மூட்டைகளைத் தொங்கவிட்டு ஆட்டி எண்ணுவாள். கோட்டையில் மரவேலை பார்த்த ஒல்லாந்தன் ஒருத்தனும் இந்தக் கூத்தைப் பார்க்க வந்தான். நூலும் குண்டும் எதற்கு என்று தன்னுடைய மணல் கடிகாரத்தை நீட்டினான். அண்ணி அதை வாங்கி, மணல் இறங்குவதற்குள் தன் குண்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று வெயில் நாள் ஒன்றிலும் மழை நாள் ஒன்றிலும் எண்ணினாள். அப்புறம் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "மழ நாள்ல ஒங்க மணலுக்குச் சோம்பேறித்தனம் வந்துடுது தொரே" என்றாள். மரைக்காயர் அதை எப்படி அவனுக்குப் புரியவைத்தாரோ, அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அண்ணி தப்பே செய்யாதவள் என்று சொல்லமாட்டேன். ஒரு தப்பு செய்தாள். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

மரம் வெடிக்காமலும் பூச்சி அரிக்காமலும் இருக்க, அதை மாதக் கணக்கில் ஏரிச் சேற்றில் புதைத்துவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்படிச் சேற்றிலிருந்து எடுத்த ஒரு மரத்தை, எடுத்த கையோடு எண்ணிவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மரைக்காயரும் பலகையாக அறுத்துவிடலாம் என்று அதை ஒதுக்கினார். இரண்டு மாதம் கழித்து வேறு வேலையாகப் போனவள், பழக்கதோஷத்தில் அதை மறுபடி ஆட்டிப் பார்த்தாள். ஐந்து கூடியிருந்தது. கிடங்கில் மரம் வாங்க வந்தவர்கள் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவ்வளவு பேருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அண்ணே, இந்த மரத்த நான் தப்பா சொல்லிட்டேன். தண்ணி குடிச்சிக் கனமா இருந்திருக்குது. கனத்துலதான் மெதுவா ஆடிச்சு, வலு கொறச்சலால இல்ல."

"யாரும் கேக்கலியே தங்கச்சி. நீயா வந்து ஏன் சொல்றே?" என்றார் மரைக்காயர்.

"நான் சொன்னதாலதானே ஒதுக்கிவெச்சீங்க? நாளைக்கு அறுத்துட்டா அப்புறம் சொல்லி இன்னா பிரயோசனம்?"

அதற்குப் பிறகு அவள் எண்ணிக்கைக்கு மதிப்பு கூடியதே தவிரக் குறையவில்லை. சொல்லும்போது எனக்கு இப்போதும் நெஞ்சு கூசுகிறது. இந்தத் தப்பைத்தான் பின்னால் நான் எடுத்து அவள்மேல் பிரயோகித்தேன்.

ஓடையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? மற்ற நாளில் முழங்கால் அளவுதான். மழை பிடித்துவிட்டால் ஆளை இழுக்கும். பெண்கள் நண்டுக்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அதில் இறங்கித்தான் கடைவீதிக்குப் போகவேண்டும். அதற்கு முந்தின மழையில் ஒரு பெண் கூடையோடு போய்விட்டாள். மூன்றாம் நாள் முகத்துவாரத்தில் கிடைத்தாள். அடுத்த மழைக்கு முன்னால் பாலம் போட்டே தீரவேண்டும் என்று எங்கள் ஊர்த் தலைவரான நாட்டார் சொன்னார். வேலை என் கைக்கு வந்தது. இரண்டு நீள மரம் குறுக்கே போட்டு, மேலே பலகை அடிக்கவேண்டும். "பெகு தேக்குல போடறேன். கோட்டை வாசல் பாலம் தோத்துப் போவணும்" என்று ஊர்க் கூட்டத்தில் மார்தட்டினேன்.

மரைக்காயர் கிடங்கில் அண்ணி எண்ணி இரண்டு மரம் எடுத்துக் கொடுத்தாள். இரண்டும் இருபத்தாறு. அதில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. அவள் போனபிறகு அதை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த நேரான, அழகான ஒரு மரத்தைத் தூக்கிவந்தேன். தச்சன் கண்ணுக்குத் தெரியாததா நூல்குண்டுக்குத் தெரியப்போகிறது என்ற திமிர்தான்.

செதுக்கும்போது ஒரு கணு பெயர்ந்து வந்தது. உள்ளே ஒரு முழ நீளத்துக்கு உளுத்திருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன், வளைந்த மரம் அதற்குள் விலைபோயிருந்தது. பக்கத்திலேயே பனைமரம் எத்தனையோ நின்றது. இரண்டு பனையைச் சேர்த்துக் கட்டிப் போட்டால் தேக்குக்குக் குறையாது, இரண்டு நாள் வேலை. ஆனால் அண்ணி எடுத்ததை மாற்றினேன் என்று ஒப்புக்கொள்ளவேண்டும். பெகு தேக்கு என்று ஊரில் பேசிய பேச்சை விழுங்கவேண்டும். தை மாதம் எனக்குக் கல்யாணம் வேறு பேசியிருந்தார்கள். உளுத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, குங்கிலியத்தையும் மரத்தூளையும் எண்ணெயில் காய்ச்சி அடைத்தேன். இரண்டு மரத்துக்கும் மேலே கருப்பாகக் கீல் பூசினேன். எது எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது.

மரங்களை ஓடையின் குறுக்கே போட்டாயிற்று. பலகை அடிப்பதற்கு முன்னால் அண்ணி வந்தாள். ஒவ்வொரு மரத்திலும் சிப்பி மூட்டையைத் தொங்கவிட்டு எண்ணினாள். இடது மரம் இருபத்தாறு. வலது மரம் இருபத்திரண்டு. மறுபடி எண்ணினாள். மறுபடியும் இருபத்திரண்டு.

"ரெண்டும் நான் எடுத்துக் குடுத்ததுதானே தம்பி?"

"பின்ன? நீ எடுத்ததுதான். இது கொஞ்சம் ஈரம். மரைக்காயர் கெடங்குல ஈர மரத்த எண்ணிட்டு நீ தப்பா சொல்லல?"

அவள் முகம் சிறுத்துப்போயிற்று. தான் செய்த தப்பைச் சொன்னால் அவள் அதை மறுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். "ஈரம்னா காயட்டும். எட்டு நாள் பலக அடிக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

மேகம் கட்டிக்கொண்டிருந்தது. ஊரில் முணுமுணுத்தார்கள். இளவட்டங்கள் வெறும் மரத்தின்மேலேயே கைகளை விரித்துக்கொண்டு நடந்து போய்வந்தார்கள். அவர்கள் வலது மரத்தில் கால் வைக்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எட்டாம் நாள் காலையில் பலகை அடிக்க ஊரே ஓடைக்கரையில் கூடியிருந்தது. பெண்கள் கூடையோடு வந்திருந்தார்கள். முதலில் அவர்கள்தான் நடக்கவேண்டும் என்று நாட்டார் சொல்லியிருந்தார். அண்ணி விடிந்ததுமே வந்து எண்ணிவிட்டிருந்தாள். கவிழ்த்துவைத்த படகு ஒன்றின் பின்னால் என்னைக் கூப்பிட்டாள்.

"இருவது" என்றாள்.

காய்ந்தால் ஏறவேண்டிய எண், ஆட்கள் நடந்து நடந்து உள்ளே இன்னும் தளர்ந்துபோய் இறங்கியிருந்தது. நான் மண்ணைப் பார்த்தேன்.

"நான் எடுத்த மரமா?"

"இல்ல அண்ணி."

"உள்ள இன்னா இருக்குது?"

"குங்கிலியம்."

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். "பொம்பளைங்க கூடையோட நடக்கிற பாலம்டா" என்றாள். அவள் என்னை டா போட்டுப் பேசியது அந்த ஒரு தடவைதான். நான் அழுதுவிட்டேன். சொல்லிவிடாதே, இனி ஒருத்தனும் எனக்கு வேலை தரமாட்டான், பெண் கொடுக்கிறவர்களும் பின்வாங்கிவிடுவார்கள் என்று அவள் காலைப் பிடித்தேன். காலை உதறிக்கொண்டு எழுந்து போனாள். தொலைந்தோம் என்றுதான் நினைத்தேன்.

"நிறுத்துங்க. பலக அடிக்க வேணாம்" என்றாள் கூட்டத்தைப் பார்த்து.

"இன்னாம்மா மறுபடியும்?" என்றார் நாட்டார்.

"வலப்பக்கத்து மரம் ஆவாது. கெடங்குல நான் எண்ணுனது தப்பு. தம்பி வேற மரம் எடுக்கலாம்னுதான் சொன்னாரு, நான்தான் கேக்கல. அத எடுத்துட்டு ரெண்டு பனையச் சேத்துக் கட்டிப் போடுங்க. மழைக்குள்ள முடிச்சிரலாம்."

யாரோ சிரித்தார்கள். யாரோ தலையில் அடித்துக்கொண்டார்கள். கூடை வைத்திருந்த ஒருத்தி, "நீ எண்ணுறதுக்குள்ள நாங்க எல்லாம் போய்ச் சேந்துடுவோம் போல" என்றாள். நான் கையில் சுத்தியலோடு நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க எவ்வளவோ நேரம் இருந்தது. திறக்கவில்லை.

பனை போட்டு மூன்றாம் நாள் பாலம் முடிந்தது. ஐந்தாம் நாள் மழை பிடித்தது. அந்த மழையில் ஓடை யாரையும் கொண்டுபோகவில்லை.

எடுத்த மரத்தை ஆளில்லாத நேரத்தில் நான் அறுக்க, உளுத்த துண்டை மட்டும் அண்ணி அடுப்புக்கு வாங்கிக்கொண்டாள். சோறு வடித்து முடிக்கும்வரை வீடெல்லாம் கமகமவென்று குங்கிலிய வாசனை. வலை போட்டுவிட்டு வந்த அண்ணன் மூக்கை உறிஞ்சினான். "இன்னா வாசனை?"

"சாம்பிராணி போட்டேன்" என்றாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மரைக்காயர் அதற்கப்புறம் அவளைக் கூப்பிட்டனுப்பவில்லை. தன் கிடங்கில் எண்ணியது தப்பு என்று அவளே ஊர்க் கூட்டத்தில் சொன்னபிறகு அவர் என்ன செய்வார்? காவுதடி கேட்டு வந்தவர்களும் ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். யாரும் இல்லாத நேரத்தில் அவள் பாலத்தின் நடுவில் நின்று குதித்து, உதட்டை அசைத்து எண்ணுவதை மட்டும் தூரத்திலிருந்து சில தடவை பார்த்திருக்கிறேன்.

அண்ணன் நல்லவன், ஆனால் கேலிக்காரன். வீட்டில் அவள் எதை எண்ணிச் சொன்னாலும், "பாலத்த எண்ணுன மாதிரியா?" என்பான். பிள்ளைகள் சிரிக்கும். வந்த விருந்தாளி சிரிப்பான். என் பெண்டாட்டியும் சிரிப்பாள். அண்ணி தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே இருப்பாள். ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை, எத்தனையோ வருஷம் இது நடந்தது. நானும் சிரித்தேன். பொய் சொன்னதைக்கூட ஒருவேளை மன்னித்துவிடலாம். இப்படிச் சிரித்ததற்கு எனக்கு மன்னிப்பே கிடையாது.

அவள் எண்ணிக்கையைத் திரித்துச் சொன்னது வாழ்நாளில் அந்த ஒரே தடவை. ஏன் செய்தாய் என்று ஒருநாள் கேட்டேன். "ஒனக்கு இன்னும் எம்மாம் நாள் வேலை இருக்குது. பாலமும் நின்னாப் போதும்" என்றாள். உண்மையிலேயே எனக்கு வேலை வந்துகொண்டே இருந்தது. பாலம் போட்ட தச்சன் என்று எளாவூர்வரை பேர் வாங்கினேன்.

கோட்டையில் கொடி மாறின பிற்பாடு, ஒரு பங்குனி மாதத்துக் காய்ச்சலில் அண்ணி போய்விட்டாள். வாசலில் கிடத்தியிருந்தார்கள். ஊரெல்லாம் வந்திருந்தது. நாட்டாரின் மகன் மாலையைப் போட்டுவிட்டு வந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தான். "நல்ல மனுஷி. அந்தப் பாலம் ஒண்ணுலதான் எண்ணிக்கை தப்பிப்போச்சு" என்றான். அழுதுகொண்டிருந்த அண்ணன், அந்த அழுகையிலும் லேசாகச் சிரித்தான்.

அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன். மரத்தை மாற்றியது, குங்கிலியம் அடைத்தது, ஈரம் என்று அவள் வாயை அடைத்தது எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

அண்ணன் எழுந்து என் முன்னால் வந்து நின்றான்.

"அவ எண்ணுனது எவ்ளோ?"

"மொதல்ல இருவத்திரெண்டு. அப்புறம் இருவது."

"சரியா எண்ணுனாளா?"

"சரியாத்தான் எண்ணுனா."

"இத்தினி வருஷம் நான் அவள வெச்சிக் கேலி பண்ணப்போ நீயும்தானே ஒக்காந்து சிரிச்சே?"

"ஆமா."

அண்ணன் அவள் தலைமாட்டில் போய் உட்கார்ந்தான். கலைந்திருந்த மாலையைச் சரி செய்தான். என்னைப் பார்க்காமலே சொன்னான்: "தூக்குறதுக்கு நீ வராதே."

வேறு நாலு பேர் தோள் கொடுத்தார்கள். நான் எல்லாருக்கும் பின்னால் நடந்தேன். சுடுகாட்டுக்குப் போகிற வழியில் ஓடைக்கரை வந்தது. அவளைச் சுமந்துகொண்டு அவர்கள் பாலத்தின்மேல் நடந்து அந்தப் பக்கம் போனார்கள். நான் இந்தக் கரையிலேயே நின்றுவிட்டேன்.